வளைவின் பின்பக்கம்

கிரஹாமுக்கு அன்று காலையிலேயே கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் நின்று, தன் ஊருக்கு நடக்கிற அநியாயத்தைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். குவைத் நகரத்தில் ஒரு கட்டட ஆலோசனைக் கம்பெனி அது. கிரஹாம் அங்கே தலைமை ஆர்க்கிடெக்ட். மணிமாறன் அவருக்குக் கீழே கம்ப்யூட்டரில் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். ஆறடி உயர வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைப் பறிகொடுத்தவராய்க் கண் கலங்க நிற்பதை மணிமாறன் அதுவரை பார்த்ததில்லை. உலகத்தில் பாதியைப் பிடித்து வைத்திருந்தவர்களின் பேரன், சாலையோரத்தில் நிற்கிற ஒரு பெயர்ப்பலகைக்காக மூக்கை உறிஞ்சுகிறார் என்றால் அது வேடிக்கைதானே.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ஹார்ஸ்ட்வெல் என்று ஒரு சின்ன ஊர், அது அவருடைய சொந்த ஊர். பக்கத்தில் ஒரு பெரிய நகரம். நகரம் வீங்கி வீங்கி ஊர் வாசலுக்கே வந்துவிட்டது. இப்போது ஊரின் பெயர்ப்பலகையைப் பிடுங்கி ஒன்றரை மைல் உள்ளே தள்ளி நடப் போகிறார்களாம். பலகைக்கு வெளியே விழுகிற வீடுகளெல்லாம் இனி நகரத்துக் கணக்கில் போய்விடும். அதில் கிரஹாமின் அம்மா குடியிருக்கும் வீடும் ஒன்று.

"இந்த வயதில் என் அம்மா, இருந்த இடத்தில் இருந்தபடியே வேற்றூர்க்காரி ஆகிவிடுவாள். இது என்ன நியாயம், மணி?" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அந்தக் கேள்வி மணிமாறனின் காதில் தமிழாகவே விழுந்தது.

அவர் ஊரில் ஒரு வழக்கம் உண்டாம். வருஷத்தில் ஒரு நாள் பாதிரியாரும் ஊர் ஜனங்களும் சேர்ந்து எல்லை நெடுகச் சுற்றி நடப்பார்களாம். ஒவ்வொரு எல்லைக்கல் வந்ததும் கையில் இருக்கும் கம்பால் அந்தக் கல்லை நாலு அடி அடிப்பார்களாம். ஊர் எதுவரைக்கும் என்று யாருக்கும் மறந்துபோகக் கூடாது என்பதற்காக அப்படியாம். மணிமாறன் சிரித்துக்கொண்டான். அவன் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மங்கரை. அங்கேயும் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் பறையடித்துச் சாமியோடு எல்லையைச் சுற்றி வந்து எல்லை கட்டுவார்கள். அங்கேயும் எல்லை யாருக்கும் மறந்ததில்லை. ஒரே வித்தியாசம், அங்கே கம்பு கல்லின்மேல் விழுவதில்லை, எல்லை தாண்டி வந்தவன் முதுகில்தான் விழும்.

ஊரோடு தொடர்புள்ளவர்கள்தான் மனுவில் கையெழுத்துப் போடலாம் என்று விதி. கிரஹாம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். தன்னோடு வேலை பார்க்கிற அத்தனை பேரும் ஹார்ஸ்ட்வெல்காரர்கள்தான் என்று சொல்லிவிட்டார். எகிப்துக்காரக் கணக்கர் கையெழுத்துப் போட்டார். பிலிப்பைன்ஸ் செக்ரட்டரி போட்டாள். ஆபீசில் டீ போட்டுத் தருகிற ஹைதராபாத்காரர் கௌஸ் முகம்மது, ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் உருதுவில் அழகாகப் போட்டார். மணிமாறனும் போட்டான். கண்ணால் பார்க்காத ஒரு ஊருக்கு அவன் அன்றைக்கு ஊர்க்காரன் ஆனான்.

அவனுக்கு அப்போது மனசும் கொஞ்சம் இளகித்தான் இருந்தது. அவனும் தன் ஊருக்காக ஒரு வேலையில் முழுகிக் கிடந்தான்.

குவைத்தில் இருக்கும் செம்மங்கரைக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஒரு ஆள் செத்தால் உடலை ஊருக்கு அனுப்புவது, விசா எடுத்துத் தந்த அரபு முதலாளியான கபீல் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் எம்பஸிக்கு அலைவது, பொங்கலுக்கு ஒரு சோறு போடுவது, இதெல்லாம் சங்கத்தின் வேலை. தலைவர் கார்மேகம், குவைத்தின் அப்பாசியா வட்டாரத்தில் ஒரு பலசரக்குக் கடையை நடத்துகிறவர். அவருடைய அண்ணன்தான் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர். வாயைத் திறந்தால் தேன் சொட்டும் மனுஷன். அந்தச் சங்கம் ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டிக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தது. கான்கிரீட் தூண், மேலே யானை, நடுவில் கலசம், பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர். குவைத் காசு ஊரில் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? பக்கத்து ஊர் சிங்கப்பூர்க்காரர்கள் வளைவு கட்டிய நாளிலிருந்து கார்மேகத்துக்குத் தூக்கமில்லை.

படம் போட யார் இருக்கிறார்கள் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் ஒரே குரலில், "நம்ம மணி இருக்கான்ல" என்றார்கள். அந்த 'நம்ம' என்ற ஒரு சொல்லுக்காக மணிமாறன் இன்னும் பத்து வளைவு போட்டிருப்பான். வெள்ளிக்கிழமை லீவெல்லாம் அதிலேயே போயிற்று. தூணின் தடிமனையும் கம்பிக் கட்டையும் சொந்த வீட்டுக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தான். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துருவில் போடாமல் தானே வளைத்து வளைத்து வரைந்தான். முகப்பில், 'செம்மங்கரை உங்களை அன்புடன் வரவேற்கிறது.' பின்பக்கம் என்ன போடுவது என்று கூட்டத்தில் கேட்டபோது அவன்தான் சொன்னான், வழக்கமாகப் போடுகிறதுதானே, 'நன்றி, மீண்டும் வருக' என்று. கை தட்டினார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

வளைவை எங்கே கட்டுவது என்று அவன் கேட்கவேயில்லை. அவன் மட்டுமா, யாருமே கேட்கவில்லை. ஊர் வளைவை ஊர் தொடங்குகிற இடத்தில்தானே வைப்பார்கள்? அறந்தாங்கிச் சாலையில் வந்தால் புளியமரத்தடியில் நெடுஞ்சாலைத் துறையின் மஞ்சள் பலகை நிற்கும். 'செம்மங்கரை' என்று அதில் கறுப்பெழுத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் முதலில் வருவது காலனி. மணிமாறன் பிறந்த இடம் அது. காலனி என்றால் என்ன காலனி என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்க வேண்டியதில்லை. காலனி முடிந்ததும் ஒரு வாய்க்கால், வாய்க்கால்மேல் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் தெருக்கள், கோயில், கடைவீதி. மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் தன் வளைவு எழும்பி நிற்பதாகத்தான் அவன் மனதில் படம். அதன் நிழல் சாயங்காலம் தன் வீட்டு வாசல் வரை நீளுமா என்றுகூட யோசித்துப் பார்த்திருக்கிறான். மனுஷனுக்கு ஆசை வந்தால் கணக்கெல்லாம் அப்படித்தான் போகும்.

படம் முடிந்ததும், அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கார்மேகத்தின் கடைக்கு மேல்மாடியில் கூட்டம். தரையில் விரிப்பு, நடுவில் பிரியாணித் தட்டு, ஓரத்தில் ஏசி கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. படத்தை விரித்ததும் ஆஹா ஓஹோ என்றார்கள். செயலாளர் அருள்ராஜ் மணிமாறனின் தோளில் தட்டினான். அருள்ராஜ் பணம் மாற்றுகிற எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் வேலை பார்க்கிற இளவட்டம், மேலத்தெருப் பையன், நல்ல சுபாவம்.

கார்மேகம் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "படம் அம்சமா இருக்கு தம்பி. இன்னும் ஒரே ஒரு தாள்தான் வேணும். ஹைவேஸ்ல பர்மிஷன் கேக்குறதுக்கு இடத்தக் காட்டி ஒரு ப்ளான் போட்டுக் குடுத்துரு. வாய்க்காப் பாலத்துக்கு இந்தாண்ட ஒரு கோடு போட்டு, 'ஊர் எல்லை'ன்னு எழுதிரு. அவ்வளவுதான், கலாஸ்."

மணிமாறனுக்கு முதலில் புரியவில்லை. "பாலத்துலயா? மஞ்ச போர்டுகிட்டல்ல வரும்?"

"போர்டு கவர்மெண்டுக்காரன் நட்டது. அவனுக்கு என்ன தெரியும்?"

"அண்ணே, காலனி போர்டுக்கு உள்ளதானே இருக்கு? பாலத்துல வெச்சா காலனி வெளிய போயிரும்ல."

"வெளிய எங்க போவுது? இருக்குற எடத்துலதான் இருக்கும்." கார்மேகம் சிரித்தார். "எல்லை கட்டுறப்போ ஆத்தா பாலம் வரைக்கும்தானே வருது? ஆத்தா வர்ற எல்லைதானப்பா ஊர் எல்லை. நாம புதுசா ஒண்ணும் சொல்லலையே."

ஆத்தா பாலம் வரைதான் வருவாள் என்பது மணிமாறனுக்குத் தெரியாதா? எல்லை கட்டும்போது முன்னால் பறையடித்துப் போனவர் அவன் அப்பா. எல்லைக் கல் எங்கே, எந்த மரத்தடியில் சாமி நிற்கும், எந்த முனையில் திரும்பும் என்று ஊருக்கே அடித்துக் காட்டியவர் அவர். பாலத்தடியில் சாமி திரும்பும். திரும்பியதும் அவர் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாமி வராத மிச்சத் தூரத்தைத் தனியாக நடந்து வீட்டுக்கு வருவார். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் மகன் கம்ப்யூட்டரில் அதே கோட்டைப் போட்டுத் தர வேண்டுமாம்.

"என் பாஸ்போர்ட்டுல என்ன ஊருண்ணே போட்டிருக்கு?" என்றான். குரல் உயர்ந்துவிட்டது. "செம்மங்கரைன்னுதானே? ரேஷன் கார்டுல? ஓட்டர் கார்டுல? உங்கண்ணன் ஓட்டுக் கேட்டு வந்தப்ப, பாலத்தோட ஊரு முடிஞ்சுதுன்னு திரும்பிப் போனாரா?"

"அதெல்லாம் கவர்மெண்டு கணக்கு தம்பி. ஊருங்கிறது வேற."

"அப்ப சங்கத்துல எதுக்கு என்னச் சேத்தீங்க?"

"அட, உன்ன யாரு வேணாம்னா? நீ நம்ம புள்ள." தேன் கொஞ்சமும் குறையவில்லை. "ஒரு வளைவ எங்க வெச்சா என்ன? அதுல ஏறியா படுக்கப் போற?"

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். மணிமாறன் எழுந்து நின்றான். பிரியாணிக் கை இன்னும் கழுவவில்லை.

"அண்ணே, வளைவுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. எங்கம்மா விடியகாலையில வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு உங்க தெருவையெல்லாம் கூட்ட வருது. பாலத்துல ஏறுறப்ப 'உங்களை அன்புடன் வரவேற்கிறது'ன்னு இருக்கும். கூட்டி முடிச்சிட்டு வீட்டுக்குத் திரும்புறப்ப 'நன்றி, மீண்டும் வருக'ன்னு இருக்கும். எங்கம்மா என்ன விருந்தாடியா? சுத்திப்பாக்க வந்த டூரிஸ்டா? செம்மங்கரையிலயே பொறந்து, செம்மங்கரையிலயே வாக்கப்பட்டு, செம்மங்கரைக் குப்பைய அள்ளுனவ. அவ வீட்டுக்குப் போறதுக்கு எதுக்குண்ணே நன்றி சொல்லி அனுப்பி வெக்கிறீங்க?"

  கார்மேகம் தாடையைச் சொறிந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்துவிட்டு ஒரு நியாயம் சொன்னார் பாருங்கள், அதைப் பொன்னெழுத்தில் பொறித்து வைக்கலாம்.

"சரி விடு. உனக்காக அந்தப் பின்பக்கத்து எழுத்தக் கொஞ்சம் சின்னதாப் போட்டுருவோம்."

மணிமாறனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடித்திருந்தால்கூட வலி ஆறிப்போயிருக்கும். இது தடவிக் கொடுத்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற வேலை. "மாஃபி, முடியாது. நான் அந்தக் கோட்டப் போட மாட்டேன். என் படத்தத் திருப்பிக் குடுங்க" என்றான்.

"படம் நேத்தே ஊருக்குப் போயிருச்சே. அருள்ராஜ் ஈமெயில்ல அனுப்பிட்டான்." கார்மேகத்தின் குரலில் தேன் இப்போதுதான் வற்றியது. "கோடு போடாட்டிப் போ. ஒரு கோடு போட அப்பாசியாவுல ஆளா கெடைக்காது?"

மணிமாறன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். அருள்ராஜ் படிக்கட்டில் பின்னாலேயே ஓடிவந்தான். நல்ல சுபாவம் என்று சொன்னேன் அல்லவா, ஆறுதல் சொல்லத்தான் வந்தான்.

"அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க. தலைவர்ட்ட நான் பேசுறேன். எங்க ஊர் வளைவு முடிஞ்சதும் உங்க காலனிக்கும் தனியா ஒரு போர்டு வெச்சுக் குடுத்துருவோம்."

'எங்க ஊர்', 'உங்க காலனி.' பையன் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. குரோதத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். தும்முவதுபோல இயல்பாக வந்து விழுந்த சொல்லுக்கு என்ன பதில் சொல்வது? மணிமாறன் வெயிலில் இறங்கி நடந்தான்.

ஆபீசில் இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் கேக் வந்தது. கிரஹாமின் ஊர் ஜெயித்துவிட்டது. மனுவைப் பார்த்துப் பயந்தோ, பேப்பரில் வந்ததைப் பார்த்துப் பயந்தோ, பலகையை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதாக மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்களாம். கிரஹாமின் அம்மா ஹார்ஸ்ட்வெல்காரியாகவே சாகலாம். கிரஹாம் ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மணிமாறனுக்குப் பெரிய துண்டாகவே வைத்தார். அவன் முகம் சரியில்லாததைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார்.

மணிமாறன் சொன்னான். இப்படி ஒரு கதை, இதே கதை, இவருக்குப் புரியாமல் யாருக்குப் புரியும் என்று நம்பித்தான் சொன்னான். வளைவு, பாலம், மஞ்சள் பலகை, அம்மா, பின்பக்கத்து எழுத்து, எல்லாவற்றையும் சொன்னான். ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினான். கிரஹாம் கேக்கை மென்றுகொண்டே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"உன் வீட்டுக்கும் அந்தப் பாலத்துக்கும் எவ்வளவு தூரம்?"

"நடந்து போய்விடலாம். பக்கம்தான்."

"ஓ, அவ்வளவுதானா!" என்றார் கிரஹாம். நிஜமாகவே அவருக்கு நிம்மதியாகிவிட்டது. "நான் ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்தேன். விட்டுத்தள்ளு, மணி. ஒரு அலங்கார வளைவுதானே. உங்கள் ஆட்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே."

மணிமாறன் கேக் தட்டை மேஜைமேல் வைத்தான். ஒன்றரை மைலுக்கு உலகத்தையே கூட்டிக் கையெழுத்து வாங்கியவர் இவர். ஒருத்தி பலகைக்கு வெளியே போனால் அது அநியாயம், இன்னொருத்தி வளைவுக்கு வெளியே போனால் அது அலங்காரம். எவன் அம்மாவாக இருந்தாலும் அம்மாதானே? இவருக்குத் தன் அம்மா மட்டும்தான் அம்மா, மற்றவன் அம்மாவெல்லாம் தூரக் கணக்கு.

"சார், என் கையெழுத்தை அந்த மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றான்.

கிரஹாம் அது ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். இனி எடுக்க முடியாது, அது வேலையை முடித்துவிட்டது என்றார். அதுவும் நிஜம்தான். மணிமாறனின் கையெழுத்து வேலை செய்கிற ஒரே ஊர் அது. கௌஸ் முகம்மது வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். மிச்சத் துண்டை அவர் சாப்பிட்டாரா, கொட்டினாரா என்று தெரியவில்லை.

வளைவு எழும்பியது. பாலத்தில்தான். அப்பாசியாவில் கோடு போட ஆள் கிடைத்துவிட்டான். எழுத்துகளெல்லாம் மணிமாறன் வரைந்தவை. யானை அவன் வரைந்தது. ஓரத்தில் சிறிய எழுத்தில் 'படம்: மணிமாறன்' என்றும் பொறித்திருந்தார்களாம். சங்கத்தின் நன்றி உணர்ச்சிக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

திறப்புவிழா ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அன்று மத்தியானம் மணிமாறன் போன் செய்தபோது அவன் மனைவி நாகஜோதி எடுத்தாள். அவள் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள், பேச்சில் யாருக்கும் பயப்படாதவள். 

"ரிப்பன் வெட்டுனாங்க, முட்டாய் குடுத்தாங்க. எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். நாங்க இந்தப் பக்கம் நின்னு பாத்தோம்" என்றாள். "கூட்டம் கலைஞ்சப்புறம் கடைவீதிக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப அத்தை மேல பாத்து, அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க. நான் ஒண்ணுமில்லன்னு சொல்லிருக்கலாம். ஆத்தரத்துல அப்படியே படிச்சுட்டேன்."

"அம்மா என்ன சொல்லுச்சு?"

"நீங்களே கேளுங்க. பக்கத்துலதான் நிக்கிறாங்க."

அம்மா பஞ்சவர்ணம் போனை வாங்கினாள். போனில் பேசுவதென்றால் எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். படிப்பு கிடையாது. ஆனால் ஊரில் எந்த வீட்டு வாசலில் என்ன குப்பை கிடக்கும் என்பதை வைத்து அந்த வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுவாள்.

"ஏண்டா, அந்த எழுத்து நீ போட்டதாமே?"

 "ஆமாம்மா. ஆனா நான் போட்டது வேற எடத்துக்கு..."

"எடம் கெடக்கட்டும். நன்றின்னுதானே போட்டிருக்கு? இத்தன வருசம் தெருவக் கூட்டியிருக்கேன், ஒருத்தன் வாயில அந்த வார்த்தை வந்ததில்ல. கல்லுலயாச்சும் வந்துச்சே, இருக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா மீண்டும் வரச் சொல்லியிருக்கானுவளாம்ல. அதுக்குப் பதில் சொல்லணும்லடா. நீதானே கேள்வியப் போட்ட? நீயே பதிலையும் போட்டுக் குடு. வர மாட்டேன்னு போடு."

"அம்மா, வேலைய விட்டா..."

"வேலைய யாரு விட்டா? என்னை வெளிய நிறுத்தி வெச்சது அவனுவ. வரமாட்டேன்னு போடுடா."

மணிமாறன் அழுதானா என்று கேட்டால், ஆமாம், அழுதான். அறையில் இருந்தவர்கள் ஊரில் துக்கம் என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தான். அந்த வளைவுக்கு வரைந்த அதே எழுத்து, அதே வளைவு நெளிவு, அதே தடிமன். ஒரே வரிதான், 'வர மாட்டோம்.' ஒருமையைப் பன்மையாக்கியது மட்டும் அவனுடைய யோசனை. அதை நாகஜோதிக்கு அனுப்பினான். அவள் அறந்தாங்கி போய் ஃப்ளெக்ஸாக அடித்து வாங்கி வந்தாள். பாலத்தை ஒட்டிக் காலனி முகப்பில் இரண்டு மூங்கிலை நட்டு, வளைவைத் தாண்டி வெளியே வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஊரைப் பார்த்துக் கட்டினார்கள். வளைவின் பின்னால் 'நன்றி, மீண்டும் வருக', அதைத் தாண்டியதும் 'வர மாட்டோம்.' பஸ்ஸில் போகிறவர்கள் ரெண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுச் சிரித்தார்களாம்.

மறுநாள் விடியற்காலை பஞ்சவர்ணம் பாலம் ஏறவில்லை. அவளோடு கூட்டப் போகிற மற்ற பெண்களும் ஏறவில்லை. முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் கடைவீதியில் மூக்கைப் பொத்தினார்கள். மழையும் சேர்ந்துகொண்டது. சாக்கடை அடைத்துக்கொண்டு கோயில் வாசல் வரை வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஆள் அனுப்பிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அறந்தாங்கியிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார். அவர்கள் பாலத்தருகே இறங்கித் திரும்பி ஃப்ளெக்ஸைப் படித்தார்கள், விவரம் கேட்டார்கள், வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். அவர்களுக்கும் எங்கேயோ ஒரு காலனி இருக்கும்தானே.

அடுத்த வெள்ளிக்கிழமை கார்மேகம் மணிமாறனின் அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பேரீச்சம்பழ டப்பா. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் அந்த அறைப் படி ஏறியதில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தேன் மறுபடியும் ஊறியிருந்தது.

"தம்பி, நடந்தது நடந்துருச்சு. அண்ணன் ராத்திரி பகல் போன்ல கத்துறாரு. ஊரே நாறுது. அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"என்னண்ணே சொல்லணும்?"

"நம்ம ஊருப்பா அது. நம்ம ஊரு நாறுனா நமக்குத்தானே அசிங்கம்?"

மணிமாறன் அவரையே பார்த்தான்.  இந்த முறை குரல் ஏறவில்லை, அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எங்கம்மா வெளியூருண்ணே" என்றான். "வெளியூர்க்காரி எதுக்கு உங்க ஊரக் கூட்டணும்?"

கார்மேகம் டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். அன்றைக்கு யோசித்ததைவிட அதிக நேரம் யோசித்தார்.

"சரி. வளைவ இப்ப எங்க வெக்கணும்ங்கிற?"

"அத நான் எப்படிண்ணே சொல்றது? அது உங்க ஊரு விசயம்."

கார்மேகம் பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். மணிமாறன் எழுந்து, வந்தவருக்குச் செய்யும் மரியாதையாக, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"நன்றிண்ணே" என்றான். "மறுபடியும் வாங்க."